ஓலாவ் கேட்ட ஒருத்தர்

அண்ணாச்சி, உக்காருங்க, உக்காருங்க. ஆலங்குளம் இன்னும் வரலை. இப்பத்தான் பேட்டை தாண்டியிருக்கோம். "ஆலங்குளம்லாம் எறங்கு, படியில நிக்காத, சில்லறையக் கையில வை"னு கத்தினது கண்டக்டர் இல்லை, நான்தான். அதோ பாருங்க, நிஜக் கண்டக்டர் பின்னாடி டிக்கெட் கிழிச்சுக்கிட்டு இருக்கார். நாம எப்படா கத்தினோம்னு அவரே ஒரு நிமிஷம் திகைச்சுப் போயிட்டார். கோவிச்சுக்காதீங்க. பையைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுத் தூங்குற ஆளைப் பார்த்தா எனக்கு நாக்கு சும்மா இருக்காது. இந்தாங்க, கடலை எடுத்துக்கோங்க.

எனக்கு எல்லார் குரலும் வரும். பெருமைக்குச் சொல்லலை. எங்க ஹெட்மாஸ்டர் குரலில் மைக்கில் "கனமழை காரணமாக நாளை விடுமுறை"னு சொல்லி நானூறு பேரைத் துள்ள வெச்சிருக்கேன். வெளியே வெயில் கொளுத்துது, ஒருத்தனுக்கும் சந்தேகம் வரலை. எங்க அப்பா குரலில் அம்மாவுக்கு போன் போட்டு மீன் குழம்பு வைக்கச் சொல்லியிருக்கேன். அன்னைக்கு வெள்ளிக்கிழமை. அப்பாவுக்குத்தான் திட்டு விழுந்தது, குழம்பு எனக்கு. ஒரு தடவை கேட்டா போதும், பிடிச்சுக்குவேன். உங்க குரலே பாதி வந்துட்டு, இன்னும் நாலு வார்த்தை பேசினீங்கன்னா மீதியும் வந்துரும்.

ஆனா இன்னைக்கு மனசு அதில் இல்லை அண்ணாச்சி. கண்டக்டர் மாதிரிக் கத்தினதுகூட, பஸ்ஸில் யாராவது சிரிச்சா எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வருமான்னு பார்க்கத்தான்.

முன் சீட்டில், ஜன்னலோரம், நீலச் சேலை, கறுப்புக் கண்ணாடி. அது எங்க அக்கா, செண்பகவல்லி. கண் தெரியாது. நாலு வயசில் ஒரு காய்ச்சல் வந்து போச்சு, போகும்போது பார்வையையும் எடுத்துட்டுப் போயிட்டு. மெதுவாப் பேச வேண்டாம், காதில் மாட்டியிருக்கா பாருங்க, பாட்டு ஓடுது, நம்ம பேசுறது கேக்காது. இன்னைக்கு அவளுக்கு குரூப் நாலு தேர்வு. மூணாவது தடவை. எழுதிட்டு வாரோம். வெளியே வந்ததும் "எப்படிக்கா?"ன்னு கேட்டேன். "வரலாற்றுப் பகுதியில வந்தது ஒண்ணும் நான் காதால கேட்ட மாதிரியே இல்லை"னு சொன்னாள். அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டில் வடை வாங்கிக் கொடுத்தேன், அப்படியே மடியில் வெச்சிருக்கா, பாருங்க.

இதுக்கெல்லாம் காரணம் யாருங்கீங்க? நார்வே நாட்டில் இருக்கிற ஒரு ஆள். பேர் ஓலாவ்.

சிரிக்காதீங்க. நிஜமாத்தான் சொல்லுதேன்.

ஒண்ணே ஒண்ணு அண்ணாச்சி, முதல்ல இதைப் புரிஞ்சுக்கோங்க. கண் தெரியாதவங்க கம்ப்யூட்டரில் படிக்கணும்னா 'ரீடர்'னு ஒரு மென்பொருள் வேணும். திரையில் இருக்கிறதை அது வாய்விட்டு வாசிக்கும். எங்க டவுன் நூலகத்தில் பார்வையற்றோர் பகுதியில் ரெண்டு கம்ப்யூட்டர், ரெண்டிலும் அந்த ரீடர்தான். அக்கா மாதிரி பன்னிரண்டு பேர் முறை வெச்சுப் படிக்காங்க. காசு கிடையாது, இலவசம். இலவசம்னா சும்மா இலவசம் இல்லை. அதை எப்படிச் செஞ்சிருக்காங்கன்னு உள்ளே இருக்கிற கோடு, அதான் கம்ப்யூட்டருக்கு எழுதின கட்டளை, முழுக்க வெட்டவெளிச்சமாக் கிடக்கும். யாரும் பார்க்கலாம், யாரும் திருத்தலாம். ஊர்ப் பொது மண்டபம் மாதிரின்னு வெச்சுக்கோங்க. யார் வேணும்னாலும் வந்து வெள்ளையடிக்கலாம். ஆனா சாவி ஒருத்தர் கையில்தான். நீங்க சுண்ணாம்பும் மட்டையுமா வாசலில் நிக்கணும், அவர் வந்து திறக்கணும். அந்தச் சாவிக்காரருக்குத்தான் மெயின்டெய்னர்னு பேர். இந்த ரீடருக்கு சாவி ஓலாவ் இடுப்பில்.

அக்காவுக்கு என்ன பிரச்சினைன்னா, கோச்சிங் சென்டரில் கொடுத்த வரலாற்றுக் குறிப்பு அறுநூறு பக்கம். எல்லாம் பழைய எழுத்துருவில் அடிச்சது. நம்ம கண்ணுக்கு அழகாத் தமிழாத்தான் தெரியும். கம்ப்யூட்டருக்கு உள்ளே அது தமிழே கிடையாது, இங்கிலீஷ் எழுத்தைத் தமிழ் மாதிரி வேஷம் கட்டி நிறுத்தியிருப்பாங்க. 'அம்மா'ன்னு போட்டிருக்கும், ரீடர் வாசிக்கும்: "எம். கே. செமிகோலன். கே. ஹெச்." அறுநூறு பக்கமும் இப்படியே. அக்கா ஒரு வாரம் கேட்டாள். "ஏல காசி, பைத்தியக்காரன் ஒருத்தன் காதுக்குள்ள உக்காந்து ஏபிசிடி சொல்லுத மாதிரி இருக்குல"ன்னாள்.

என் பேர் காசிராஜன், சொல்ல மறந்துட்டேன். பாலிடெக்னிக் ரெண்டாம் வருஷம்.

நான் உக்காந்தேன். இருபத்தாறு நாள். பழைய எழுத்துரு வந்தா அதைக் கண்டுபிடிச்சு நிஜத் தமிழா மாத்தி ரீடர் வாயில் கொடுக்கிற மாதிரி ஒரு திருத்தம் எழுதினேன். இருநூத்திப் பதினாலு வரி. பேட்ச்னு சொல்லுவாங்க. பிப்ரவரியில் அனுப்பினேன். அனுப்பின அன்னைக்கு அக்காவுக்கு ஒரு பக்கம் வாசிச்சுக் காட்டினேன். நான் வாசிக்கலை, ரீடர் வாசிச்சது. பாளையக்காரர் கதை. அக்கா கையை நெஞ்சில் வெச்சுக்கிட்டுக் கேட்டாள். பத்து நிமிஷம். அப்புறம் என்ன சொன்னாள் தெரியுமா? "நல்லாத்தான் இருக்கு. ஆனா வருஷம் போட்ட அட்டவணை வந்தா உளறுதே. வரிசை மாறி மாறி வாசிக்கி."

எனக்கு எப்படி இருக்கும்? இருபத்தாறு நாள் உழைச்சவனுக்கு! "அதெல்லாம் மெர்ஜ் ஆகட்டும்க்கா, பிறகு பாப்போம்"னு லேப்டாப்பை மூடி வெச்சேன். மெர்ஜ்னா அவங்க நம்ம திருத்தத்தைச் சேர்த்துக்கிறது.

பதினேழு நாள். ஓலாவ் பதில் போடப் பதினேழு நாள். நான் அந்தப் பக்கத்தைத் திறப்பேன், பார்ப்பேன், மூடுவேன். என் பேட்ச் பேருக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் புள்ளி. சேர்த்துட்டா பச்சை, மறுத்துட்டா சிவப்பு. அது மஞ்சளாவே நிக்கும். சிவப்பா ஆகியிருந்தாக்கூட ஒரு சண்டை போட்டிருக்கலாம். மஞ்சளோட என்ன அண்ணாச்சி சண்டை போட முடியும்?

பதினெட்டாம் நாள் வந்தது பதில். அந்த ஆள் குரலை நான் கேட்டதே கிடையாது. ஆனா எழுத்திலேயே குரல் தெரியும் எனக்கு. காலில் கம்பளி மாட்டிக்கிட்டு, சூடா எதையோ ஊதி ஊதிக் குடிச்சுக்கிட்டு, ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் ஒரு தூக்கம் போட்டு எழுந்திரிக்கிற குரல். கேளுங்க: "வணக்கம்... காசிராஜன்... உங்கள் உழைப்புக்கு... நன்றி. இருநூத்திப் பதினாலு வரி... ஒரே மூச்சில்... பார்க்க... சிரமம். மூணாப் பிரிச்சு... அனுப்ப... முடியுமா?"

மூணாப் பிரிச்சேன். மார்ச் முழுக்க மஞ்சள். ஏப்ரலில் பதில். "நல்லது... ஒவ்வொன்றுக்கும்... சோதனை எழுதுங்கள்." எழுதினேன். சோதனைன்னா, திருத்தம் சரியா வேலை செய்யுதான்னு தானாப் பார்க்கிற குட்டிக் கோடு. மே மாசம் மஞ்சள்.

என்ன கேட்டீங்க? நீதான் எழுதி முடிச்சிட்டியே, பிறகு எதுக்கு அந்த ஆள் தயவுன்னா? நல்லாக் கேட்டீங்க. நூலகத்துக் கம்ப்யூட்டரில் நானே ஏத்திடலாம்னு பென்டிரைவோட போனேன். ஹெப்சிபா மேடம் இருக்காங்களே, அந்தப் பகுதிக்குப் பொறுப்பு, அவங்க குரலைக் கேளுங்க: "தம்பி, தங்கம், நீ கெட்டிக்காரப் பிள்ளதான், இல்லன்னு சொல்லல. ஆனா பந்தியில தெரியாத ஆளு கொண்டு வந்த குழம்ப எலையில ஊத்த முடியுமா? பன்னெண்டு பேரு இதுல உக்காருதாவ. அவங்க வெப்சைட்ல அவங்களே போடட்டும், அடுத்த நிமிஷம் நான் பட்டன அமுக்குதேன்." மேடத்தைச் சொல்லிக் குத்தமில்லை. எல்லாம் ஓலாவ்.

அந்த மாசமெல்லாம் அக்காவுக்கு எதிர்வீட்டு ஈஸ்வரிதான் வாசிச்சுக் காட்டினாள். அவள் பீடி சுத்துறவள். மடியில் முறம், முறத்துக்குப் பக்கத்தில் அக்காவோட குறிப்பு. கை சுத்தச் சுத்த வாசிப்பாள். கடைக்குக் கட்டு கொண்டு போகிற நேரம் நெருங்கிட்டா கையும் பறக்கும், வாயும் பறக்கும். "ஆயிரத்துஎண்ணூத்திஆறுலவேலூர்லசிப்பாய்க போதும்க்கா நாளைக்கி!" ஒரு நாளைக்கு நாலு பக்கம், அஞ்சு பக்கம். அவளுக்குக் காய்ச்சல் வந்தா அதுவும் இல்லை. மொத்தம் நூத்திநாப்பது பக்கம் வந்தது. அறுநூறுக்கு நூத்திநாப்பது.

என்ன? லேப்டாப்பா? என் லேப்டாப்பில் அந்தத் திருத்தம் ஓடும்லான்னு கேக்கீங்களா? ஓடும். ஏன் ஓடாது? நான் எழுதினது, அதிலேயேதான் எழுதினேன். துபாய் மாமா வந்தப்ப கொடுத்துட்டுப் போனது அந்த லேப்டாப். "ரெண்டு பேருக்கும் பொதுவுல"ன்னு சொல்லித்தான் கொடுத்தார். இப்பவும் என் மடியில்தான் இருக்கு, இந்தப் பை.

அக்காவும் அதைத்தான் கேட்டாள். "ஏல, சாயங்காலம் ஒரு ரெண்டு மணி நேரம் குடுல, நான் பாட்டுக்கு ஓரமா உக்காந்து கேட்டுக்கிடுதேன்." நான் மாட்டேன்னு சொல்லலை அண்ணாச்சி. ஒரு நாளும் மாட்டேன்னு சொல்லலை. மார்ச்சில் "பிரிச்சுக்கிட்டு இருக்கேன்க்கா, பிரிச்சு முடிச்சிருதேன்"னேன். ஏப்ரலில் "சோதனை எழுதிக்கிட்டு இருக்கேன், இந்த வாரம் முடியட்டும்"னேன். மே மாசம் "எந்த நிமிஷமும் பதில் வரும்க்கா, நான் உக்காந்து பாக்கணும்"னேன். பார்க்கணும்லா? ஓலாவ் ஏதாவது கேட்டு நான் அந்நேரம் இல்லைன்னா, இன்னொரு பதினேழு நாள். ஒண்ணே ஒண்ணு அண்ணாச்சி, அவள் ஒருத்திக்காக மட்டும் நான் பாடுபடலை. மெர்ஜ் ஆயிட்டா பன்னிரண்டு பேருக்கும் கிடைக்கும். உலகத்தில் தமிழ் கேக்கிற அத்தனை பேருக்கும் கிடைக்கும். அதைச் சொன்னா அவளுக்குப் புரியலை. "அதுக்குள்ள எனக்குப் பரீட்ச வந்துருமேல"ங்கா. படிக்கிறவங்களுக்கு எப்பவும் அவசரம்தான். செய்யிறவன் கஷ்டம் தெரியாது.

ஜூனில் ஓலாவ் ஒரு பதில் போட்டார். இதுதான் உச்சம். கேளுங்க. "கோடு... சரியாக... இருப்பதுபோல்... தெரிகிறது. ஆனால்... எனக்குத் தமிழ் தெரியாது. இதைத் தினமும் தமிழில் பயன்படுத்தக்கூடிய ஒருவர்... ஓட்டிப் பார்த்துவிட்டு... எனக்கு ஒரு வரி எழுதட்டும். குறைகளையும் சொல்லட்டும். ஒருவர்... போதும். அவர் என்ன சொல்கிறார் என்று கேட்க... ஆசை."

பார்த்தீங்களா? மூணாப் பிரிச்சாச்சு, சோதனை எழுதியாச்சு, இப்ப ஆள் வேணுமாம்! அக்காவிடம் சொல்லிப் புலம்பினேன். அவள் என்ன சொன்னாள்? "நான் எழுதட்டுமால?" எனக்குச் சிரிப்பு வந்துட்டு. நீ என்னத்தக்கா எழுதுவ, அது டெக்னிக்கல்னேன். "குறை இருந்தாச் சொல்லணும்ங்காவளே, அட்டவணைய வரிசை மாத்தி வாசிக்கில்லா, அதச் சொல்லுதேன்"னாள். சொல்லியிருப்பா அண்ணாச்சி! அப்படியே போய்ச் சொல்லியிருப்பா! அட்டவணை உளறுதுன்னு எழுதினா அந்த ஆள் இன்னும் நாலு மாசம் இழுக்க மாட்டாரா? "நீ சும்மா இரு, நான் பாத்துக்கிடுதேன்"னேன்.

ஜூலையில் அவங்க நாட்டில் எல்லாருக்கும் லீவாம். ஒரு மாசம் முழுக்க ஈ, காக்கா இல்லை அந்தப் பக்கத்தில். நான் மட்டும் தினமும் போய்ப் பார்த்துட்டு வருவேன், பூட்டின கடை வாசலில் நிக்கிற மாதிரி.

அப்பத்தான் யோசிச்சேன். ஒருத்தர் வேணுமா? நான் எட்டுப் பேர் தரேன்.

இங்கேதான் அண்ணாச்சி, என் திறமையைக் கேக்கணும் நீங்க. எட்டு மின்னஞ்சல், எட்டுப் பேர், எட்டுக் குரல். எழுதுறது இங்கிலீஷ்தான், ஆனா இங்கிலீஷிலும் குரல் உண்டு. கும்பகோணத்து ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர் ஒருத்தர். ஒரு வாக்கியம் ஆரம்பிச்சா முடியவே முடியாது, நடுவில் நாலு தடவை தாழ்மையுடன் வரும். "ஐயா, நாற்பதாண்டு கால ஆசிரியப் பணியில் இத்தகையதொரு பயனுள்ள திருத்தத்தை அடியேன் கண்டதில்லை என்பதைத் தாழ்மையுடன்..." அப்புறம் கோயம்புத்தூர் மில்காரர். "ஏனுங்க ஓலாவுங்க, கோவிச்சுக்காதீங்க, கொஞ்சம் சேர்த்துவிட்டீங்கன்னா புண்ணியமாப் போகுமுங்க." மதுரையில் ரெண்டு பிள்ளைக்கு அம்மா, வரிக்கு மூணு ஆச்சரியக்குறி. சென்னைப் பையன் ஒருத்தன், முற்றுப்புள்ளியே வைக்க மாட்டான், "இன்னா ப்ரோ இன்னும் எத்தினி நாளு ப்ரோ". யாழ்ப்பாணத்து அம்மா ஒருத்தர், "தம்பி, இதை ஒருக்கால் கெதியாப் பாத்து விடுங்கோ." இன்னும் மூணு பேர். எல்லாருக்கும் கண் தெரியாது, எல்லாருக்கும் என் பேட்ச் பிரமாதம். ஒருத்தர்கூட அட்டவணையைப் பத்திப் பேசலை.

எழுதி முடிச்சுட்டு நானே விழுந்து விழுந்து சிரிச்சேன். எத்தனை நாள் கழிச்சுச் சிரிப்பு! யாழ்ப்பாணத்து அம்மாவை வாசிச்சா எனக்கே கண் கலங்குது. ஆகஸ்ட் முழுக்க இதே வேலை. காலையில் ஹெட்மாஸ்டர், மத்தியானம் மில்காரர், சாயங்காலம் சென்னைப் பையன். ஒருத்தருக்கொருத்தர் ஆதரவு வேற. "மதுரைச் சகோதரி சொல்வதை வழிமொழிகிறேன்." அக்கா அடுத்த அறையில் ஈஸ்வரி வாசிச்சதை போனில் பிடிச்சு வெச்சுத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டு இருப்பாள். ஒரு நாள் கதவுகிட்ட வந்து நின்னு கேட்டாள், "பரீட்சைக்கு இருபது நாளுதான் இருக்கு. இன்னைக்காவது தருவியால?" நான் அப்ப மில்காரராக இருந்தேன். நடுவில் விட்டா குரல் போயிரும். "ஒண்ணே ஒண்ணுக்கா, இந்த வாரம் முடியட்டும்"னேன். போயிட்டாள்.

ஓலாவ் எதுவும் சொல்லலை. எட்டுப் பேருக்கும் பதில் இல்லை. மஞ்சள்.

இன்னைக்குக் காலையில்தான் வந்தது அண்ணாச்சி. அக்காவைத் தேர்வு அறையில் விட்டுட்டு வெளியே வேப்பமரத்தடியில் லேப்டாப்பைத் திறந்தேன். பேட்ச் பேருக்குப் பக்கத்தில் சிவப்பு. கீழே ஒரு கடிதம். மூணு தடவை வாசிச்சேன், மனப்பாடம் ஆயிட்டு. தூக்கக் குரலில் சொல்லட்டுமா? இல்லை, வேண்டாம். இதுக்கு அந்தக் குரல் ஒட்டலை. சும்மாவே சொல்லுதேன்.

"காசிராஜன், உங்கள் கோடு மோசமில்லை. நான் தாமதமாகத்தான் பதில் எழுதினேன், அதற்கு வருந்துகிறேன். பகலில் எனக்கு வேறு வேலை, இதைப் பார்த்துக்கொள்ள என்னைத் தவிர ஆளில்லை. ஒன்று சொல்ல வேண்டும். எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. இந்த ரீடரை நான் எனக்காகத்தான் எழுத ஆரம்பித்தேன். உங்கள் எட்டு நண்பர்கள் எழுதியதையும் இதே ரீடர்தான் எனக்கு வாசித்தது. எட்டுப் பேரையும் ஒரே குரலில். அவர்கள் எட்டுப் பேரும் எங்காவது ஓரிடத்தில் 'ஒண்ணே ஒண்ணு' என்கிறார்கள். நீங்களும் அப்படித்தான். முகம் தெரியாத கூட்டம் ஒன்று சேர்ந்து ஒரு திருத்தத்தைச் சேர்க்கச் சொல்லி நெருக்கினால், கதவை மூடிவிட வேண்டும் என்பது எங்கள் விதி. அப்படி நெருக்கித்தான் திருட்டுக் கோடுகளை உள்ளே நுழைப்பார்கள். இந்தப் பகுதிக்கு இன்னும் ஆறு மாதம் புதியவர்கள் யாரிடமிருந்தும் எதையும் சேர்க்கப் போவதில்லை. நான் உங்களிடம் ஒருவரைத்தான் கேட்டேன்."

அவ்வளவுதான். கீழே பேர்.

என்ன அநியாயம் பார்த்தீங்களா? எட்டுக் குரல் அண்ணாச்சி! ஹெட்மாஸ்டருக்கு மூச்சு எங்கே வாங்கும், மில்காரருக்கு 'ங்க' எங்கே விழும், எல்லாம் பார்த்துப் பார்த்துச் செஞ்சேன். அத்தனையும் அந்த ஆள் காதில் ஒரே தகரக் குரலில் விழுந்திருக்கு! ஓவியத்தை ஒருத்தனுக்கு போனில் காட்டின மாதிரி ஆயிட்டு. முதலிலேயே கண் தெரியாதுன்னு சொல்லியிருந்தா நான் ஆடியோவே அனுப்பியிருப்பேனே. அதில் பிடிச்சிருக்க முடியுமா என்னை? முடியாது.

அதை விடுங்க. ஒருத்தரைத்தான் கேட்டாராம். ஒருத்தரைத்தான்! தினமும் தமிழில் கேக்கணும், கண் தெரியாதவங்களா இருக்கணும், குறை சொல்லத் தெரியணும், ஒரு வரி எழுதணும். அப்படி ஒரு ஆளுக்கு நான் எங்கே அண்ணாச்சி போவேன்? எங்க ஊரில் அப்படி யார் இருக்கா?

நீங்க ஏன் முன் சீட்டைப் பாக்கீங்க? அவளா? அவள் சும்மா கேக்கிறவள் அண்ணாச்சி. நான் சொல்றது விஷயம் தெரிஞ்ச ஆள்.

எனக்கு என்ன செய்யன்னே தெரியலை. ஓலாவுக்கு மறுபடியும் எழுதலாம்னா, என் பேரையே பூட்டி வெச்சிருக்கார், எழுதினா போகாது. வேற பேரில் எழுதலாம். ஆனா எப்படி ஆரம்பிச்சாலும் அந்த ஒண்ணே ஒண்ணு வந்து நிக்குது. கையைக் கட்டிப் போட்ட மாதிரி இருக்கு. இருநூத்திப் பதினாலு வரியும் இந்தப் பைக்குள்ளே சும்மா கிடக்கு. ஹெப்சிபா மேடத்துகிட்ட நாளைக்கு என்ன சொல்ல? பன்னிரண்டு பேர் என்னைக்கு வரும்னு கேப்பாங்க. "இன்னும் ஆறு மாசம்"னு எந்தக் குரலில் சொல்ல? அக்காகிட்ட இன்னும் சொல்லலை. அவள் தேர்வு அறையில் இருந்து கம்பைத் தட்டிக்கிட்டு வெளியே வந்தாள், முகத்தைப் பார்த்தேன், சொல்ல வாய் வரலை. அவள் காதில் பாட்டு ஓடுறது ஒரு வகையில் நல்லதாப் போச்சு.

ஸ்ஸ், திரும்புறாள்.

"ஏல காசி."

"என்னக்கா? ஏதும் வேணுமா? தண்ணி தரட்டுமா?"

"தண்ணி வேண்டாம். லேப்டாப்பு பையிலதான இருக்கு?"

"இருக்கு. எதுக்கு? போன்ல பாட்டு கேக்கேல்லா?"

"போன்ல சார்ஜ் பஸ் ஸ்டாண்டுலயே போயிட்டு. லேப்டாப்ப இங்க குடு. அந்த ஓலாவுக்கு நான் ஒரு வரி எழுதுதேன். உன்னத்தான பூட்டி வெச்சிருக்காவ, என்னைய இல்லைல்லா."

பார்த்தீங்களா அண்ணாச்சி, பஸ் ஸ்டாண்டிலேயே சார்ஜ் போயிருக்கு. அப்ப இவ்வளவு நேரம் சும்மாவா மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தாள்? பாட்டு இல்லாம எதைக் கேட்டுக்கிட்டு வந்தாள்?

"அக்கா, அது... ஒண்ணே ஒண்ணுக்கா. இப்ப பஸ்ஸு குலுங்குது. வீட்டுக்குப் போயிருவோம். நான் முதல்ல அந்த ஆளுக்கு என்ன எழுதணும்னு யோசிச்சுக்கிடுதேன், பிறகு நீ எழுதலாம். பாப்போம்."

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கிட்டாள். மடியில் இருந்த வடையைப் பிட்டு வாயில் போட்டாள். மென்னு முடிச்சாள். அப்புறம் கேட்டீங்கல்லா, என்னமோ ஒரு குரலில் பேசினாளே, பக்கத்து சீட்டு அம்மாகிட்ட பேசுற மாதிரி:

"ஒண்ணே ஒண்ணுக்கா. பிரிச்சுக்கிட்டு இருக்கேன்க்கா. இந்த வாரம் முடியட்டும்க்கா. எந்த நிமிஷமும் வந்துரும்க்கா. பிறகு பாப்போம்க்கா."

முன்னாடி உக்காந்திருக்கிற பொம்பளைங்க எல்லாம் எப்படிச் சிரிக்காங்க பாருங்க. கண்டக்டரும் சிரிக்கார், டிக்கெட் கட்டைக் கீழே போட்டுட்டார். எங்க அக்கா மிமிக்ரி பண்ணி நான் இன்னைக்குத்தான் அண்ணாச்சி கேக்கேன். இருபத்தேழு வருஷமா எங்கே வெச்சிருந்தாள் இதை? நல்லாத்தான் பண்ணினாள். அந்த இழுவை, அந்தக் கெஞ்சல், கெஞ்சுற மாதிரியே ஒண்ணும் கொடுக்காம நழுவுறது... சொந்த ஆளை வெச்சுப் பண்ணின மாதிரி அச்சு அசலா இருந்தது.

ஆனா யாரு அது? ஓலாவ் இல்லை, அவர் குரல் இவளுக்குத் தெரியாது. ஹெப்சிபா மேடம் இப்படி இழுக்க மாட்டாங்க. எங்க அப்பா இல்லை. ஈஸ்வரி இல்லை. நாக்கு நுனியில் நிக்குது, பிடிபட மாட்டேங்குது. எல்லார் குரலும் எனக்குத் தெரியும் அண்ணாச்சி, இந்தக் குரலை எங்கேயோ ரொம்பக் கிட்டத்தில் கேட்டிருக்கேன்.

நீங்க ஏன் சிரிக்கீங்க? உங்களுக்குத் தெரியுதா யாருன்னு?